20 வருஷமா திறக்காத மூடி... உங்க வீட்டு மழைநீர் ஃபில்டர் உயிரோடு இருக்கா?

ஆயுத பூஜை வந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் பக்கம் வீட்டில் எந்தப் பொருளும் தப்பாது. பைக், டிராக்டர், தையல் மெஷின், தண்ணீர் மோட்டார், அரிவாள்மனை என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார்கள். ஆனால் மோட்டாருக்குப் பொட்டு வைக்கிற கை, அந்த மோட்டாருக்குத் தண்ணீர் சேர்த்துத் தரவேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிடும். மாடியிலிருந்து இறங்கும் பைப்புக்குக் கீழே, சிமென்ட் சிலாப் போட்டு மூடிக்கிடக்கிறதே மழைநீர் வடிகட்டித் தொட்டி, அதுதான். சில வீடுகளில் அதன் மேல் பூந்தொட்டி. சில வீடுகளில் துணி துவைக்கிற கல். இன்னும் சில வீடுகளில் டைல்ஸே ஒட்டியாகிவிட்டது.

ஆயுத பூஜையை ஒட்டித்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. வானிலை ஆய்வு மையக் கணக்குப்படி அது தொடங்கும் வழக்கமான தேதி அக்டோபர் 20. அதாவது, அந்த மூடியைத் திறந்து பார்ப்பதற்குப் புரட்டாசியைவிட நல்ல மாதம் கிடையாது.

கட்டச் சொன்னார்கள்... கட்டினோம்!

இப்போது 30 வயதைத் தாண்டியவர்களுக்கு 2003-ம் வருஷம் நினைவிருக்கும். தமிழ்நாடு முழுக்க வறட்சி. அப்போதைய முதல்வர் ஜெயலலிதாவின் அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. புதுக் கட்டடம், பழைய கட்டடம் என்ற பேதமில்லாமல் எல்லாவற்றிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயம் என்றது அந்தச் சட்டம். முதலில் கொடுத்த கெடு ஆகஸ்ட் 31. கட்டாவிட்டால் உள்ளாட்சி நிர்வாகமே ஆள் வைத்துக் கட்டிவிட்டு, செலவை சொத்து வரி போல வசூலித்துக்கொள்ளலாம். குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும் செய்யலாம். இதைக் கேட்ட பிறகு யார் சும்மா இருப்பார்கள்? கொத்தனாரும் பிளம்பரும் நிற்க நேரமில்லாமல் ஓடினார்கள்.

பெரம்பலூரும் அரியலூரும் அப்போது ஒரே மாவட்டம். 2001-ல் பிரிந்து, 2002-ல் மறுபடி சேர்ந்து, 2007-ல் திரும்பவும் பிரிந்த கதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அத்துப்படி. மாவட்ட எல்லை இப்படி இரண்டு மூன்று முறை திறந்து மூடியிருக்கிறது. வடிகட்டித் தொட்டியின் மூடிக்கு மட்டும் அந்த பாக்கியம் கிடைக்கவில்லை.

அந்தச் சட்டம் பெரிய காரியம்தான், சந்தேகமில்லை. இந்தியாவில் வேறு மாநிலங்கள் எடுத்துக்காட்டாகச் சொல்லும் சட்டம் அது. ஆனால் 'கட்டு' என்று சொன்னபோது இருந்த வேகம், 'கழுவு' என்று சொல்வதில் யாருக்கும் வரவில்லை. 2019-ல் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசைகட்டி நின்றபோது மறுபடி ஞாபகம் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் மத்திய அரசு 'ஜல் சக்தி அபியான்' தொடங்கியது. பேரணி, துண்டுப்பிரசுரம், மாணவர்கள் கையில் பதாகை எல்லாம் நடந்தது, இப்போதும் நடக்கிறது. மழை நன்றாகப் பெய்துவிட்டால் அடுத்த வறட்சி வரை மறதிதான்.

அழுக்காவதுதான் அதன் வேலை

டீ வடிகட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு முறை டீ வடிகட்டினால் சக்கை தேங்கும். தட்டிவிட்டு, கழுவி வைத்தால்தான் அடுத்த டீ. சக்கையைத் தட்டாமலேயே 20 வருஷம் டீ வடிகட்ட முடியுமா?

மழைநீர் வடிகட்டியும் அதேதான். மணலும் ஜல்லியும் தண்ணீரில் வரும் மண், இலை, பறவை எச்சம் எல்லாவற்றையும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. ஒழுங்காக வேலை செய்யும் வடிகட்டி கண்டிப்பாக அடைத்துக்கொள்ளும். அடைக்கவே இல்லை என்றால், ஒன்று அதற்குள் தண்ணீரே போகவில்லை, அல்லது அழுக்கு எங்கேயும் நிற்காமல் நேராக நிலத்தடிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டுமே நல்ல செய்தி அல்ல.

இதில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று ஒரு சின்னக் கணக்கு. மொட்டை மாடி 1,000 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அதன் மேல் விழுவது சுமார் 930 லிட்டர். தளம் உறிஞ்சுவது, தெறிப்பது, ஆவியாவது போக 750 லிட்டராவது பைப்புக்கு வரும். வருஷத்துக்கு 90 சென்டிமீட்டர் மழை என்றால் சுமார் 67,000 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரியில் ஐந்தரை லோடு. வெயில் காலத்தில் லாரித் தண்ணீர் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

அடைத்துக்கொண்ட வடிகட்டி இத்தனை தண்ணீரையும் என்ன செய்யும்? நிரம்பி வழிந்து அஸ்திவாரத்து ஓரமாக நிற்கும். சுவரில் ஈரம் ஏறும். அதைப் பார்த்து எரிச்சலடையும் வீட்டுக்காரர் பிளம்பரைக் கூப்பிடுவார். அவர் பைப்பை வெட்டி, ஒரு எல்போ மாட்டி, தண்ணீரைத் தெருவுக்குத் திருப்பிவிட்டுப் போவார். பிரச்னை தீர்ந்தது, தண்ணீரும் தீர்ந்தது. இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. 'ஃபில்டர்தானே அடைக்குது' என்று மணலையும் ஜல்லியையும் அள்ளி வெளியே கொட்டிவிட்டு, மாடித் தண்ணீரை நேராக போர்வெல்லுக்குள் விடுவது. அது ஏன் ஆபத்து என்பதற்கு இந்த இரண்டு மாவட்டங்களின் நிலத்தைப் பார்க்கவேண்டும். அதற்கு முன், வடிகட்டியைச் சோதிப்பது எப்படி என்று பார்த்துவிடலாம்.

மாடியில் ஆரம்பிக்க வேண்டும்

சோதனை என்றதும் எல்லோரும் நேராகத் தொட்டி மூடியைத்தான் தூக்கப் பார்ப்பார்கள். முதலில் ஏறவேண்டியது மொட்டை மாடிக்கு. வற்றலும் வடகமும் காய்கிற தளம் என்பதால் பல வீடுகளில் அது சுத்தமாகத்தான் இருக்கும். மூலைகளில்தான் விஷயம் இருக்கிறது. பழைய பெயின்ட் டப்பா, உடைந்த நாற்காலி, சிமென்ட் மூட்டையின் மிச்சம், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் புறாக்கூடு. இவையெல்லாம் மழையோடு கரைந்து கீழே வரும். தளத்தைப் பெருக்கிவிட்டு, தண்ணீர் வெளியேறும் ஓட்டையில் வலையோ குமிழ் போன்ற சல்லடையோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது. வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் வலை ஓரிரு வருஷத்தில் தொட்டால் உடையும். ஹார்டுவேர் கடையில் இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. வேப்பமரமோ முருங்கையோ மாடியைத் தொட்டு நிற்கிற வீடு என்றால் இந்த வலைதான் பாதி உயிர்.

அடுத்தது, பைப்பின் கீழ்ப்பகுதியில் முதல் மழையை வெளியேற்ற ஒரு வழி. எண்டு கேப் போட்ட துண்டு பைப்போ, ஒரு வால்வோ அங்கே இருக்க வேண்டும். மாதக்கணக்கில் மாடியில் படிந்த அழுக்கு முதல் சில நிமிட மழையில்தான் இறங்கும். அந்தத் தண்ணீர் வடிகட்டிக்கே போகக்கூடாது. இங்கே ஒரு தப்புக் கணக்கு உண்டு. ஒரு மீட்டர் நீளத்துக்கு 4 இஞ்ச் பைப்பைத் தொங்கவிட்டு, 'முதல் மழை அதில் நின்றுவிடும்' என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். அதில் பிடிப்பது 8 லிட்டர் சொச்சம்தான். 1,000 சதுர அடி மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழையைக் கழிப்பதற்கே 90 லிட்டர் தாண்டும். ஆகவே, சீசனின் முதல் மழையன்று யாராவது ஒருவர் குடையைப் பிடித்துக்கொண்டு போய் வால்வைத் திறந்துவிட்டு, தண்ணீர் தெளிந்த பிறகு மூடுவதுதான் நம்பகமான வழி. வீட்டில் பிள்ளைகள் இருந்தால், மழையில் நனைய இதைவிட நல்ல சாக்கு அவர்களுக்குக் கிடைக்காது. ஆனால் இடி, மின்னல் இருந்தால் யாரும் வெளியே போக வேண்டாம்.

இப்போது மூடியைத் திறக்கலாம். கடப்பாரையை நெம்புகோலாகப் போட்டு இரண்டு பேர் சேர்ந்து தூக்குவது நல்லது. உடனே கையை விடக்கூடாது. இருட்டும் ஈரமும் இருக்கிற இடத்தில் தேளும் பூரானும் இருக்கலாம், சில சமயம் பாம்பும் இருக்கும். நீளமான குச்சியால் ஒரு தட்டு தட்டிவிட்டுக் காத்திருப்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான்.

நல்ல வடிகட்டியில் மேலே மணல், அதற்குக் கீழே சின்ன ஜல்லி, அடியில் பெரிய ஜல்லியோ கூழாங்கல்லோ இருக்கும். இடையில் நைலான் வலை. அந்த வலை இல்லையென்றால் மணல் மெல்ல மெல்ல ஜல்லிக்குள் இறங்கி எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். மணலின் மேற்பரப்பில் கறுப்பாகவோ பழுப்பாகவோ வழவழவென்று ஒரு படலம் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வடிகட்டி அதுவரை செய்த வேலையின் ரசீது அது. ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றினால் நோய் தெரிந்துவிடும். கண் முன்னே தண்ணீர் இறங்கிப்போனால் வடிகட்டிக்கு உயிர் இருக்கிறது. குளம்போல் நின்றால் அடைப்பு.

மழை விட்டு மூன்று நாளாகியும் தொட்டியில் தண்ணீர் நிற்கிறது என்றால் அது இன்னொரு ஆபத்தின் தொடக்கம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். சிரட்டையையும் டயரையும் தேடிக் கவிழ்க்கிற நாம், இந்தச் சிலாபுக்கு அடியில் பார்ப்பதே இல்லை.

அடைப்பு எடுப்பது பெரிய வித்தை இல்லை. பெரும்பாலும் அழுக்கு மேலே உள்ள இரண்டு மூன்று இஞ்ச் மணலில்தான் நிற்கும். அதை மட்டும் வழித்தெடுத்துக் கழுவியோ, புது மணலோ போட்டால் போதும். 20 வருஷமாகத் திறக்காத தொட்டி என்றால் மொத்தத்தையும் வெளியே எடுக்க வேண்டும். ஜல்லியைச் சல்லடையில் கொட்டி அலசலாம். மணலைப் பாத்திரத்தில் போட்டு, அரிசி களைவதைப்போல, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். இப்போது ஆற்று மணல் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால் பலரும் எம்-சாண்ட் போடுகிறார்கள். போடலாம். ஆனால் அதில் கிரஷர் தூள் இருக்கும். கழுவாமல் கொட்டினால் முதல் மழையிலேயே அந்தத் தூள் இறங்கி இறுகி, புது வடிகட்டியே அடைத்துக்கொள்ளும். கழுவிய அழுக்குத் தண்ணீரை மறுபடி தொட்டிக்குள்ளேயே ஊற்றுகிறவர்களும் உண்டு. அதைத் தென்னை மரத்துக்கு விடலாம்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை? மாடி வலையை ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் பார்க்க வேண்டும். மேல் மணலை ஆடி, ஆவணி இடிமழை தொடங்குமுன் ஒருமுறையும், ஐப்பசிக்கு முன் ஒருமுறையும் வழித்துவிடுவது நல்லது. மொத்தத்தையும் எடுத்துக் கழுவுவது வருஷத்துக்கு ஒருமுறை. இரண்டு பேர் இறங்கினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும், மதியக் குழம்புக்குள் முடிந்துவிடும்.

பெரம்பலூர் பாறையும் அரியலூர் மண்ணும்

பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான். ஆனால் நிலத்துக்கு அடியில் இரண்டும் வேறு வேறு உலகம்.

பெரம்பலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், பச்சைமலை அடிவாரத்தை ஒட்டி, கீழே கடினப் பாறை. அங்கே நிலத்தடி நீர் என்பது பாறையில் உள்ள வெடிப்புகளிலும் இடுக்குகளிலும் தங்கியிருக்கும் தண்ணீர். போர் போடும்போது ஒரு இடத்தில் தண்ணீர் பீய்ச்சியடித்து, பத்தடி தள்ளிப் போட்டால் வெறும் புகையாக வருவது இதனால்தான். வடிகட்டாத மழைநீரை போர்வெல்லுக்குள் விட்டால், அதிலுள்ள வண்டல் அந்த வெடிப்புகளில் போய் உட்காரும். மணலைக் கழுவலாம், ஜல்லியைக் கழுவலாம். இருநூறு, முந்நூறு அடிக்குக் கீழே பாறையின் இடுக்கில் போன சேற்றை யார் கழுவுவது? நன்றாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த போர், 'கலங்கி வருது' என்று ஆரம்பித்து, மெல்லச் சுரப்புக் குறையலாம். பணம் போட்டு இறக்கிய போரை நாமே மண் போட்டு மூடுகிற கதை இது. வடிகட்டி இல்லாமல் போருக்கு மழைநீர் விடுவதைவிட, விடாமலே இருப்பது மேல்.

கிழக்கே போகப் போக, அரியலூர்ப் பக்கம், நிலத்தின் கதை மாறுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதி கடல். சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரமும், காரை பக்கத்து ஓடைகளில் கிடைக்கும் கடல் உயிரினங்களின் படிமங்களும் அதற்குச் சாட்சி. (இரண்டும் பெரம்பலூர் மாவட்ட எல்லைக்குள் வருகின்றன. பழைய கடலுக்கு மாவட்டப் பிரிவினை தெரியாது.) அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல், களிமண், மணற்கல் அடுக்குகள்தான் அரியலூரின் அடித்தளம். சிமென்ட் ஆலைகள் அங்கே வரிசைகட்டி நிற்பதும் அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்காகத்தான்.

இங்கே இரண்டு பிரச்னைகள். முதலாவது, களிமண். களிமண் அடுக்குக்குள்ளேயே முடிந்துவிடும் குழியில் எவ்வளவு சுத்தமான தண்ணீரை விட்டாலும் இறங்காது. வடிகட்டியைக் கழுவியும் தண்ணீர் நின்றால், கோளாறு வடிகட்டியில் இல்லை, குழியின் ஆழத்தில் இருக்கலாம். மணல் பாங்கான அடுக்கு தட்டுப்படும்வரை கீழே துளை போடவேண்டியிருக்கும். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் மண் பகுதிகளிலும் இதே கதைதான். ஈரம் பட்டதும் கரிசல் உப்பி, வழியை அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, தூசி. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலையோரத்தில் மொட்டை மாடியை விரலால் தொட்டாலே தெரியும். அந்த நுண்ணிய தூள் மழையில் கரைந்து வந்து மணலில் படிந்து, காய்ந்து, பொருக்குத் தட்டிவிடும். அப்படிப்பட்ட வீடுகளில் வருஷத்துக்கு இரண்டு முறை போதாது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது மேல் மணலைக் கிளறிப் பார்க்க வேண்டும். தொட்டிக்குப் போடும் ஜல்லியும் கருங்கல் ஜல்லியாக இருப்பது நல்லது. மழைநீருக்கு லேசான அமிலத்தன்மை உண்டு. சுண்ணாம்புக்கல் அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஏற்கெனவே தண்ணீர் உப்பு, பாத்திரமெல்லாம் வெள்ளைப் படலம் என்று அலுத்துக்கொள்ளும் ஊரில் அதுவேறு எதற்கு?

வயலில் ஓடும் தண்ணீரை போருக்குத் திருப்புகிற விவசாயிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வயல் தண்ணீரில் மண் மட்டும் வருவதில்லை. உரமும் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் கரைந்து வரும். மணலும் ஜல்லியும் மண்ணைப் பிடிக்கும், கரைந்த மருந்தைப் பிடிக்காது. அந்தத் தண்ணீருக்குப் பண்ணைக்குட்டைதான் சரியான இடம். அதேபோல, வீட்டு வடிகட்டியைத் தாண்டிய தண்ணீரும் அப்படியே குடிப்பதற்கு அல்ல. கிருமியை அது கொல்லாது.

சேறு போக ஒரு துளை

தண்ணீரைத் தேக்கினால் சேறும் சேரும், அதற்கும் சேர்த்து வழி செய்ய வேண்டும் என்பது இந்த மண்ணுக்குப் புதிய அறிவு இல்லை. பழைய ஏரிகளின் குமிழித் தூம்பைப் பார்த்தால் தெரியும். ஏரிக்குள், கரையிலிருந்து தள்ளி, கல்லால் ஒரு தொட்டி. மேலே தண்ணீர் இறங்க நீரோடித் துளை, கீழே சேறு வெளியேற சேறோடித் துளை. மடையைத் திறந்தால் தண்ணீரோடு அடியில் படிந்த வண்டலும் கொஞ்சம் கொஞ்சமாக வயலுக்குப் போய்விடும். வயலுக்கு அது எரு, ஏரிக்கு அது பராமரிப்பு.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்பெற்றவை. அந்தத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்வது ஒரு பதவியாக இருந்தது. அந்தப் பதவிக்கு ஆயுள் ஒரு வருஷம். கட்டியவன் பெயர் கல்வெட்டில் இருக்கட்டும், இந்த வருஷம் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு ஊரில் ஒரு பதில் இருந்தது.

பார்த்துக்கொள்ள ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அரியலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. கங்கை வரை சென்ற படை திரும்பியதும் முதலாம் ராஜேந்திர சோழன், கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் என்ற ஏரியை வெட்டினான். திருவாலங்காட்டுச் செப்பேடு அதைத் தண்ணீராலான வெற்றித்தூண் என்கிறது. இன்று பொன்னேரி என்று அழைக்கப்படுவது அதுதான். சோழர்களுக்குப் பிறகு வரத்து வாய்க்கால்கள் தூர்ந்தன, கரை உடைந்தது. 19-ம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு, 16 மைல் நீளக் கரையைப் பற்றிச் சொல்லிவிட்டு, ஏரிக்குள் காடு மண்டிக்கிடந்ததாகவும் சொல்கிறது.

வீட்டுக் கூரைத் தண்ணீரையே நம்பி வாழும் ஊர்கள் உலகில் இன்றும் இருக்கின்றன. அட்லான்டிக் பெருங்கடலில் உள்ள பெர்முடா தீவில் ஆறு கிடையாது. அங்கே வீட்டுக் கூரைகளைச் சுண்ணாம்புக்கல் பலகைகளால் வேய்ந்து வெள்ளையடிப்பார்கள். மழைநீர் அதில் வழிந்து வீட்டுக்கு அடியில் உள்ள தொட்டிக்குப் போகும். கூரையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், ஆறு வருஷத்துக்கு ஒருமுறையாவது தொட்டியைக் காலி செய்து கழுவ வேண்டும் என்று அங்கே விதியே இருக்கிறது. கட்டு என்பதோடு அந்த ஊர்ச் சட்டம் நிற்கவில்லை.

வாசலைத் தாண்டினால்...

வீட்டு வடிகட்டி நம் பொறுப்பு. தெருவில் ஓடும் மழைநீர் வடிகால் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சியின் பொறுப்பு. அங்கும் பிரச்னை இதேதான், அளவுதான் பெரியது. வடிகாலுக்குள் தண்ணீர் இறங்கும் இடத்தில் வண்டலைப் பிடிப்பதற்குச் சின்னத் தொட்டி இருக்க வேண்டும். அது மண்ணால் நிரம்பிவிட்டால் அடுத்த மழையில் தெருவே ஓடை. மழைக்கு முந்தைய வாரத்தில் தூர்வாரி, எடுத்த சேற்றை வடிகால் ஓரத்திலேயே குவித்துவைத்துவிட்டுப் போவதையும் பல ஊர்களில் பார்க்கலாம். மழை பெய்ததும் அது பத்திரமாக உள்ளேயே திரும்பிப் போய்விடும்.

தெருத் தண்ணீரை வீட்டு போருக்குத் திருப்பலாமா என்று சிலர் யோசிக்கிறார்கள். கூடாது. தெருவில் எண்ணெய், சாக்கடைக் கசிவு, மாட்டுச் சாணம் எல்லாம் கலந்துவரும். கூரைத் தண்ணீருக்காகக் கட்டிய வடிகட்டியால் அதைச் சமாளிக்க முடியாது.

குழிக்குள் இறங்காதீர்கள்

கைக்கு எட்டும் ஆழமுள்ள வடிகட்டித் தொட்டியை வீட்டில் யாரும் சுத்தம் செய்யலாம். சிமென்ட் உறை இறக்கிக் கட்டிய பத்து, பதினைந்து அடி ஆழமுள்ள உறிஞ்சு கிணறு என்றால் கதை வேறு. வருஷக்கணக்கில் மூடிக்கிடந்த, இலையும் சேறும் மக்கிய குழிக்குள் ஆக்சிஜன் இல்லாமல் போயிருக்கலாம், விஷவாயு இருக்கலாம். இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் விழுந்த செய்திகளை எத்தனை முறை படித்திருக்கிறோம். மூடியைத் திறந்துபோட்டதும் குழி பத்திரமாகிவிட்டது என்று நம்பவே கூடாது. ஆளை இறக்காமல், மேலிருந்தே சேற்றுப் பம்ப் வைத்து எடுக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் கழிவுநீர்த் தொட்டி கசிந்து அந்தக் குழிக்குள் கலந்திருந்தால் ஆள் இறங்குவது இன்னும் பெரிய ஆபத்து. கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், மூடாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை நான்கு நாள் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. அதற்குப் பிறகு, வற்றிய போர்களை ஒன்று மூட வேண்டும், இல்லையென்றால் மழைநீர் செறிவூட்டும் அமைப்பாக மாற்ற வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. மாற்றுவது நல்ல யோசனைதான். ஆனால் மாற்றிய போருக்கு மேலே வடிகட்டித் தொட்டியும், குழந்தையால் தூக்க முடியாத கனமான மூடியும், இரண்டும் இருக்க வேண்டும். சுத்தம் செய்கிற அன்று மூடியைத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போனால்கூட ஒரு ஆள் அங்கேயே நிற்க வேண்டும்.

வேலை முடிந்து சிலாப்பை மூடியதும், மீதி பெயின்ட் எதையாவது எடுத்து அதன் மேல் அன்றைய தேதியை எழுதிவையுங்கள். ஓவர்ஹெட் டேங்க் கழுவினால் உள்ளாட்சிக்காரர்கள் தொட்டியின் மேல் எழுதுகிறார்களே, 'சுத்தம் செய்த நாள், அடுத்து சுத்தம் செய்யும் நாள்' என்று, அதே மாதிரி. பூந்தொட்டியைத் திரும்ப அதன் மேல் வைக்க வேண்டாம், வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.